தவளைக்குப் பின்னால் ஒரு கேபிள்

அத்தியாயம் 5

"காபியைக் குடிங்க அம்மிணி. ஆறிப் போகுதுங்க," என்றார் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி.

ஞானாம்பாள் டம்ளரைத் தொடவில்லை. காபியில் ஒரு குறையும் இல்லை. அதை நகர்த்தி வைத்த கையைப் பார்க்கத்தான் அவளுக்குக் குமட்டியது. அன்று காலை அந்தக் கைதான் ஒரு பெண்ணின் கைப்பையை, தையல் செக்‌ஷன் முழுக்க வேடிக்கை பார்க்க, மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டியிருந்தது. சீப்பு, சாப்பாட்டு டப்பா, நாப்கின் பாக்கெட் எல்லாம் உருண்டு விழுந்தனவாம். அதை அவரே வாய் நிறையச் சொன்னார், மரியாதை கொஞ்சமும் குறையாமல்.

"தேடிப் பாத்தமுங்க. பென்டிரைவ் ஒண்ணும் சிக்கலீங்க. பொம்பளப் புள்ளைக எங்கெங்க ஒளிச்சு வெப்பாங்கன்னு நமக்குத் தெரியுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

ஞானாம்பாள் திருப்பூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்து வருஷக்கணக்காகிறது. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே வேறு இடத்தில் பேச்சு நடந்ததா என்று வீடு வீடாக அலைந்து பார்த்ததில், தேன் ஒழுகப் பேசுகிற வாயை நம்பக்கூடாது என்கிற பாடம் அவளுக்கு நன்றாகவே படிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயபாண்டி அவளுடைய உதவியாள். அருப்புக்கோட்டைக்காரன். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லிவைத்திருக்க வேண்டும். முதலாளிக்கு முன்னால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

விஷயம் ஒரு தவளை. குடை பிடித்த பச்சைத் தவளை. ஆர்டர் கொடுத்துத் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் அடுத்த சீசனுக்குக் குழந்தைகளின் இரவு உடைக்கென்று வரைந்து, மயிலாத்தாள் நிட்வேர் கம்பெனிக்கு அனுப்பியிருந்த டிசைன். அங்கே கடைக்கு வரும்வரை வெளியில் ஒரு ஈக்கும் தெரியக்கூடாது. ஆனால் போன வாரம் அதே தவளை அதே குடையோடு திருப்பூர்ச் சந்தையில் மலிவு பனியன் குவியலில் உட்கார்ந்திருந்தது. நல்லூரில் ஒரு சின்ன யூனிட் அச்சடித்து விட்டிருந்தது. பையர் கொதித்துப் போனார். திருடியது யார் என்று தெரியாமல் இனி ஒரு ஆர்டரும் கிடையாது என்றார். அவருடைய ஆள் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாக இருந்தது.

வெள்ளியங்கிரி கையில் திருடி தயாராக இருந்தாள். சித்ராதேவி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சாட்சிக்கு ஒரு போட்டோவும் இருந்தது.

"தவளை சந்தைக்கு வர்றதுக்கு முந்துன வாரம், செவ்வாய்க்கிழமை எங்க மேனேஜர் தனபால் போன்ல புடிச்சதுங்க. பாருங்க."

படத்தில் சித்ராதேவியின் மேஜை. அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்திருந்ததால் லேப்டாப்பின் இடது விளிம்பும், அதில் செருகியிருந்த கேபிளும் நன்றாகவே தெரிந்தன. பின்னால் பெரிய மானிட்டர். அதில் திரை நிறையத் தவளை.

"டிசைன் ரூமை விட்டு அந்தப் படம் வெளிய வரக்கூடாதுங்க. இந்தப் புள்ள காப்பி எடுத்து, பெருசா விரிச்சுப் போட்டு, போன்ல புடிச்சு அனுப்பீட்டு, அப்படியே எந்திரிச்சுப் போயிருக்குதுங்க. இதுக்கு மேல என்ன வேணுங்க?"

"அப்பறம் எங்களை எதுக்குங்ணா கூப்பிட்டீங்க?" என்றாள் ஞானாம்பாள்.

"வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு ஆமான்னு சொன்னா, பையருக்குத் திருப்தியா இருக்குமுங்க." வெள்ளியங்கிரி தன் போனைத் திருப்பிக் காட்டினார். சித்ராதேவியின் அடையாள அட்டைப் படம், கீழே 'திருடி, வேலைக்கு வைக்காதீர்கள்' என்று நாலு வரி. "ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்புல போடறதுக்கு ரெடியா வெச்சிருக்கறனுங்க. நீங்க தலையாட்டுனா அனுப்பீருவேன்."

அந்தக் குழுவை ஞானாம்பாளுக்குத் தெரியும். போலீஸ் கேஸ் என்றால்கூட வக்கீல் வைத்து ஜெயித்துவிடலாம். அந்தக் குழுவில் ஒரு முகம் விழுந்துவிட்டால், நிட்டிங்கோ பிரிண்டிங்கோ தையலோ, திருப்பூரில் ஒரு கம்பெனிக் கதவும் அந்த முகத்துக்குத் திறக்காது. பெயர் செத்துப்போகும். அப்படிச் செத்துப்போன இரண்டு பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

"மேஜையப் பாத்துட்டு வந்துடறமுங்க," என்று எழுந்தாள்.

வெளியே வந்ததும் ஜெயபாண்டி அடக்கி வைத்திருந்த வாயைத் திறந்தான். "தூக்குக் கயிறு ரெடி, ஆளு ரெடி. நாற்காலியத் தட்டி விடத்தேன் நம்மளக் கூப்பிட்டிருக்காக போலக்கா."

"வாய மூடிட்டு வாடா."

சித்ராதேவி சாம்பிள் ரூமில் ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். காவலுக்கு ஒரு வாட்ச்மேன் வேறு. இருபத்தைந்து வயது இருக்கலாம். அழுது முடித்த முகம். கொட்டப்பட்ட கைப்பையை மடிமேல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சொல்லு கண்ணு. அந்தத் தவளைய மானிட்டர்ல போட்டியா?"

"இல்ல மேடம். எங்கிட்ட அந்தப் படமே கிடையாது. அவங்க சொல்ற செவ்வாய்க்கிழமை நான் சாயப்பட்டறைக்குக் கலர் ஷேட் பாக்கப் போயிட்டேன். லேப்டாப் மேஜையில இருந்துச்சு."

"பாஸ்வேர்டு யாருக்காச்சும் தெரியுமா?"

"எனக்கு மட்டுந்தான். அதையும் சொன்னேன். அப்போ நீயேதான் போட்டிருக்கணும்னு சொல்லிட்டாங்க."

"போட்டோவப் பாத்தியா?"

"என்ன போட்டோ?"

குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சியைக் குற்றம் சாட்டப்பட்டவளுக்குக் காட்டக்கூட இல்லை. கை மட்டும் பைக்குள் போய்விட்டது. ஞானாம்பாளுக்குத் தூ என்று துப்பத் தோன்றியது. சாம்பிள் ரூம் சுத்தமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

"வா. உன் மேஜையக் காட்டு."

மேஜைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளி நிறப் பெட்டி. ஒரு பக்கம் குட்டையான ஒரே ஒரு கேபிள். அதை லேப்டாப்பில் செருக வேண்டும். மறுபக்கம் சார்ஜர், மவுஸ், மானிட்டர் வயர் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்திருந்தன. ஒரு கேபிளைச் செருகினால் போதும், சார்ஜ் ஏறும், மவுஸ் ஓடும், பெரிய திரையில் படமும் வரும்.

"வால் ஒண்ணு, வாய் நாலு," என்றான் ஜெயபாண்டி. "எங்க மாமா வீடு மாதிரி. சம்பாதிக்கிறது ஒருத்தரு."

"போட்டோல இருக்கற மாதிரியே செருகு பாக்கலாம்."

சித்ராதேவி லேப்டாப்பைத் திறந்து கொடுத்தாள். ஜெயபாண்டி கேபிளை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். லேப்டாப்பின் வலது விளிம்பில் ஒரு ஓட்டை, இடது விளிம்பில் ஒரு ஓட்டை. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். இடது ஓட்டைக்கு நேராக நகத்தளவுச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

"பரவாயில்லக்கா, அம்பு போட்டு வழி காட்டியிருக்காக," என்று இடது ஓட்டையில் செருகினான்.

சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. மவுஸ் விளக்கு எரிந்தது. மானிட்டரில் மட்டும் கருப்புத் திரையில் 'நோ சிக்னல்' என்று ஓடியது. ஜெயபாண்டி பிடுங்கி ஊதி மறுபடி செருகினான். பெட்டியைத் தட்டினான். மானிட்டரைக்கூட ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

"அதுல படம் வராது சார்," என்றாள் சித்ராதேவி. "சார்ஜ் ஏறும், மவுஸ் ஓடும், அவ்வளவுதான். படம் அந்தப் பக்கத்து ஓட்டையில மட்டுந்தான் வரும். இந்த மாடலே அப்படி."

ஞானாம்பாள் கேபிளைப் பிடுங்கி வலது பக்கம் செருகினாள். பெரிய திரை விழித்துக்கொண்டது. போனில் இருந்த போட்டோவை விரலால் விரித்துப் பார்த்தாள். கேபிள் இடது ஓட்டையில்தான் இருந்தது, அம்பின் நுனியை ஒட்டி. சித்ராதேவியிடம் காட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ தவளை எங்கிருந்துக்கா வந்துச்சு?" ஜெயபாண்டி மானிட்டருக்குப் பின்னால் தலையை விட்டான். "அட, இங்கன இன்னொரு வயரும் தொங்குது. வேற எந்த லேப்டாப்ப வேணும்னாலும் பக்கத்து மேஜையில வச்சு மாட்டிக்கலாம். இந்தப் புள்ளையோட லேப்டாப்ப முன்னாடி சும்மா பொம்ம மாதிரி நிறுத்தி, வாலையும் செருகி, கிளிக்."

"அது சரி. அந்த அம்பு எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

"இங்க செருகுன்னு."

"என்றா, பனியன் கம்பெனிக்குள்ள நீ காலே வெச்சதில்லையா?"

"ஊர்ல இருந்து வந்து இறங்குன அன்னைக்கே உங்க ஆபீஸ்ல மாட்டிக்கிட்டனேக்கா. எங்க விட்டீக?"

ஞானாம்பாள் சன்னலைக் காட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் தையல் ஹாலின் கோடியில் செக்கிங் டேபிள். தைத்து வந்த பனியன்களைப் பெண்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும், கையிலிருந்த அட்டையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து அந்த இடத்தை நோக்கி ஒட்டினார்கள்.

"அம்பு ஒட்டுனா அங்க டேமேஜ்னு அர்த்தம். இந்த ஊர்ல அம்பப் பாத்தா யாரும் அந்த எடத்த நம்ப மாட்டாங்க. தையக்காரருக்குத் தெரியும், அயர்ன்காரருக்குத் தெரியும், டீ கொண்டார பொண்ணுக்குக்கூடத் தெரியும்."

"அதான் மேடம் ஒட்டினேன்," என்றாள் சித்ராதேவி. "அவசரத்துல மாத்திச் செருகிடக் கூடாதேன்னு."

மேனேஜர் தனபாலைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஐம்பதைத் தொட்ட மனிதர். வந்ததிலிருந்து சித்ராதேவி இருந்த பக்கமே திரும்பவில்லை.

"போட்டோ நீங்க எடுத்ததுங்களா?"

"ஆமாங்க மேடம். நாந்தானுங்க."

"நீங்க இங்க என்ன வேலையில சேந்தீங்க?"

"செக்கிங்லதானுங்க. அப்பறம் சூப்பர்வைசர், அப்பறம் இது."

"இந்த மானிட்டர்ல படம் வரலீங்க. கொஞ்சம் செருகிக் குடுங்க."

கேபிளைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். தனபால் குனிந்தார். சிவப்பு அம்பு கண்ணில் பட்டதும் கை தானாக விலகி, மறுபக்கம் போய்ச் செருகியது. யோசிக்கக்கூட இல்லை. ஞானாம்பாள் போட்டோவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நீங்க செருகுன கேபிளா?"

தனபால் படத்தைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். புரிந்த மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க. நீ எடுத்ததாச் சொல்லுன்னாங்க. சொன்னனுங்க," என்று முனகினார். "ரெண்டு புள்ளைகளைப் படிக்க வெக்கறேன் மேடம்."

"இந்தப் புள்ளையும் ஒருத்தரு பெத்ததுதானுங்களே," என்றாள் ஞானாம்பாள். அதற்கு மேல் அவரிடம் பேசவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள். தனபால் போனைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். அவர் வாயிலிருந்து அது வராது என்று தெரிந்ததும் போகச் சொல்லிவிட்டாள்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்," என்றான் ஜெயபாண்டி. "இம்புட்டு பெரிய கம்பெனியில என்னைய மாதிரி அம்புக்கு அர்த்தம் தெரியாத மட்டி இன்னொருத்தன் இருக்கணுமேக்கா."

இருந்தான். அடுத்த நிமிஷமே அவனாகவே வந்தான். நிதர்சன், முதலாளியின் ஒரே மகன். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து வந்து டைரக்டர் ஆனவன். பஞ்சுத் தூசு ஒத்துக்கொள்ளாது என்று தையல் ஹாலுக்குள் இறங்குவதே இல்லை என்பதைச் சித்ராதேவி வழியிலேயே சொல்லியிருந்தாள். வந்த வேகத்தில் சென்ட் வாசனை மேஜையைச் சுற்றிக்கொண்டது.

"ஆன்ட்டி, இன்னும் முடியலையா? அப்பா வெயிட் பண்றாரு. இட்ஸ் ஆல் க்ளியர், இல்லையா?"

"முடிஞ்சுது தம்பி. இந்தக் கேபிள் ஒண்ணுதான் எங்களுக்கு வசப்படலே. படிச்ச புள்ள, கொஞ்சம் செருகிக் குடுங்க."

நிதர்சன் அலட்சியமாகக் கேபிளை வாங்கினான். "இது ஒரு மேட்டரா? பாருங்க, ஆரோவே போட்டிருக்கே." அம்பின் நுனியில் அழுத்திச் செருகினான். மானிட்டர் கருப்பாகவே இருந்தது. மறுபடி அதே ஓட்டையிலேயே செருகினான். "மானிட்டர் போயிருச்சு போல," என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

ஜெயபாண்டி கூரையைப் பார்த்து விசில் அடித்தான். சித்ராதேவி நிதர்சனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்க்காமலே போய்விட்டான்.

ஞானாம்பாள் முதலாளியின் அறைக்குள் சித்ராதேவியையும் அழைத்துக்கொண்டுதான் போனாள். வெள்ளியங்கிரி முகம் சுருங்கியது. "அந்தப் புள்ளைய எதுக்குங்க உள்ள கூட்டியாந்தீங்க?"

"அவ சமாச்சாரம்தானுங்களே, அவளும் கேக்கட்டும். உங்க போட்டோ ஜோடிச்சதுங்ணா. கேபிள் மாட்டியிருக்கற ஓட்டையில மானிட்டருக்குப் படமே போகாது. செருகிப் பாத்துட்டோம். ஜோடிச்ச ஆளுக்குச் செக்கிங் அம்புன்னா என்னன்னே தெரியலே. அதான் அது காட்டுன எடத்துலயே கொண்டுபோயிச் செருகியிருக்குது."

வெள்ளியங்கிரி ஒரு பெருமூச்சு விட்டார். முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சின்னப் பையனுங்க அம்மிணி. தெரியாமப் பண்ணீட்டான். விட்டுருங்க."



"நான் இன்னும் பேரே சொல்லலீங்களே," என்றாள் ஞானாம்பாள்.

வெள்ளியங்கிரி நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். திருடன் யாரென்று கண்டுபிடிக்க அவளைக் கூப்பிடவே இல்லை. திருடன் யாரென்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார். ஊரறிந்த ஒரு பொம்பளையின் வாயால் இன்னொரு பெண்ணைத் திருடி என்று சொல்ல வைத்து, அந்த வாய்க்குப் பின்னால் மகனை ஒளித்து வைக்கப் பார்த்திருக்கிறார். ஏமாற்றப்பட்டதுகூட ஞானாம்பாளுக்குப் பெரிதில்லை. தன்னை இதற்குத் தோதான ஆள் என்று அவர் நினைத்தாரே, அதுதான் சாக்கடையில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"நல்லூர்ல யூனிட் போட்டவன் இவங்கூடப் படிச்ச பையனுங்க," வெள்ளியங்கிரி இப்போது அவசர அவசரமாகப் பேசினார். "காசுக்காகக்கூட இல்லீங்க. எங்க ஆர்டரப் பாத்தியான்னு பெருமைக்குக் காட்டியிருக்கான். அவன் சுட்டுட்டான். பையருக்கு எம் பையன் பேரச் சொல்ல முடியுங்களா? நாளைக்குக் கம்பெனியே அவனோடதுதானுங்களே."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு," என்றான் ஜெயபாண்டி. "அதுக்கு அடுத்த கூட்டுக் குஞ்சக் கொத்திக் கீழ தள்ளணுமாக்கும்?"

"நீ சும்மா இரு. ஏனுங்ணா, இத்தனை பேர்ல இந்தப் புள்ளைய எதுக்குப் புடிச்சீங்க?"

"அது..." அவர் சித்ராதேவியைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைத் தடவினார். "இவங்க வெளியூருங்க. நம்ம சனத்துல ஒரு புள்ளையச் சொல்லீட்டா, நாளைக்கு நல்லது கெட்டதுல மூஞ்சில முழிக்கோணுமில்லீங்க."

ஞானாம்பாள் அதே சனத்தில் பிறந்தவள்தான். அந்த 'நம்ம' அவள் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

"போனை எடுங்க. குரூப்புக்குன்னு எழுதி வெச்சிருக்கறத என் கண்ணு முன்னால அழிங்க. பையரோட ஆளுக்கு நான் உள்ளதத்தான் சொல்லுவேன். நடந்தது அத்தனையும்."

அவர் அழித்தார். பிறகு சித்ராதேவியிடம் திரும்பி, குரலில் மறுபடி சர்க்கரை சேர்த்துக்கொண்டார்.

"மனசுல வெச்சுக்காத கண்ணு. நாளையிலிருந்து வழக்கம் போல வேலைக்கு வந்துரு. சம்பளம்கூடச் சேத்திப் போட்டுக் குடுக்கறேன்."

சித்ராதேவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வர்றேனா இல்லையான்னு அப்புறம் சொல்றேன் சார். என் பைய எல்லாரும் பாக்கத்தான கொட்டுனீங்க? அதே எல்லாரும் கேக்க உண்மையச் சொல்லுங்க. அம்புட்டுதான் வேணும்."

"அதெல்லாம் எதுக்கு கண்ணு..."

"பையரோட ஆள் வாசல் கேட்டத் தாண்டி வந்துட்டாரு போல," என்றான் ஜெயபாண்டி சன்னலைப் பார்த்துக்கொண்டே. "கார் நிக்குது."

அந்த ஆள் உள்ளே வருவதற்குள் இதை முடித்துவிட வெள்ளியங்கிரி எழுந்தார்.

தையல் ஹாலில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹிந்தி பேசும் பையன்கள்கூடக் காதிலிருந்த வயரைக் கழற்றினார்கள். காலையில் பையைக் கொட்டிய அதே மேஜைக்குப் பக்கத்தில் முதலாளி நின்றார். சித்ராதேவி அவருக்கு எதிரே.

"ஏதோ ஒரு தப்பு நடந்து போச்சுங்க. நம்ம சித்ராதேவி மேல தப்பில்லீங்க," என்றார். திரும்பி நடக்கப் பார்த்தார்.

"தப்பு தானா நடக்காது சார்," என்றாள் சித்ராதேவி. "செஞ்சது யாருன்னு சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். மேலே ஏதோ ஓடுகிறதா என்று பார்ப்பவர் போல மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற ஞானாம்பாளுக்கே சரியாகக் கேட்காத குரலில், "எம் பையன்," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க சார். செக்கிங் டேபிள் வரைக்கும் கேக்கணும்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கம்மா அங்கதான் நிக்கிறாங்க."

ஞானாம்பாள் திரும்பிப் பார்த்தாள். ஹாலின் கோடியில் ஒல்லியாக ஒரு வயதான பெண், தலையைக் குனிந்தபடி ஒரே பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பையைக் கொட்டியபோதும் அந்தத் தாய், ராக்கம்மாள், அதே இடத்தில்தான் நின்றிருக்கிறாள். வேலை போய்விடும் என்று வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள்.

"எம் பையந்தான் செஞ்சான்," என்றார் வெள்ளியங்கிரி, இந்த முறை ஹால் முழுக்கக் கேட்கும்படி. "இந்தப் புள்ள திருடலே."

ராக்கம்மாள் பனியனைக் கீழே வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.